ஒரு நாள் விட்டு ஒரு நாள் ராசு

நாய் சோறு உண்ணவில்லை என்றால் மற்றவர்களுக்கு என்ன தோன்றுமோ, ராமாமணிக்குப் புவனாதான் தோன்றினாள்.

செவ்வாய்க்கிழமை காலை. கிணற்று மோட்டார் ஓடத் தொடங்கிக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. ராகிக் களியை மோரில் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு கல் உப்புப் போட்டு, அலுமினிய வட்டலில் ஊற்றி வாசலில் வைத்தாள். ராசு வந்தான். நாய்தான், ஆனால் அந்தத் தோட்டத்தில் யாரும் அவனை 'அது' என்று சொன்னதில்லை, நாமும் சொல்ல வேண்டாம். வட்டலை மோந்து பார்த்தான். மூக்கைத் திருப்பிக்கொண்டான். துவைக்கிற கல்லின் நிழலுக்குப் போய்ப் பெருமூச்சு ஒன்றை விட்டுவிட்டுப் படுத்துக்கொண்டான்.

"நேத்து அங்க மூக்கு முட்டத் தின்னிருக்கறே," என்றாள் ராமாமணி. "அதுதான் என்ற களி எளப்பமாப் போச்சு."

'அங்க' என்றால் வாசலின் குறுக்கே மார்பளவுக்கு எழுப்பிய ஹாலோபிளாக் சுவருக்கு அந்தப் பக்கம். அங்கேதான் அவளுடைய கொழுந்தன் தனபாலும் அவன் மனைவி புவனாவும் இருக்கிறார்கள்.

கருமத்தம்பட்டிக்குத் தெற்கே நான்கு கிலோமீட்டரில் இருக்கிறது அந்தத் தோட்டம். அண்ணன் அங்கப்பனும் தம்பி தனபாலும் மூன்று வருடங்களுக்கு முன்னால் அதைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். சண்டை என்று சொல்ல முடியாது. சொந்தத்தில் பெரியவர்கள் நாலு பேர் வந்து, கட்டில் போட்டு உட்கார்ந்து, தென்னையைப் பிரித்து, மாட்டைப் பிரித்து, வாசலுக்கு நடுவே கயிறு பிடித்துப் பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டார்கள். கிணற்றை மட்டும் வெட்டிப் பிரிக்க முடியாது. அதற்கு எல்லாத் தோட்டத்திலும் இருக்கிற ஏற்பாடுதான், முறை. ஒரு நாள் அண்ணனுக்குத் தண்ணீர், மறுநாள் தம்பிக்கு. காலை ஆறு மணிக்கு முறை மாறும். எல்லாம் முடிந்து துண்டை உதறி எழுகிற நேரத்தில் ராசு வந்து எல்லாருக்கும் நடுவில் படுத்தான். "இவன் யாருக்குங்க?" என்று ஒருவர் வேடிக்கையாகக் கேட்டார்.

"எங்களுக்கு" என்று இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள்.

"அப்பக் கிணத்தாட்டவே போகட்டும்," என்றார் மூத்தவர். "யாருக்குத் தண்ணி முறையோ அவுங்க சோறு போடுங்க. தண்ணி கட்டறப்பப் பாம்பு பூச்சிக்கு நாய் கூட வேணுமல்லொ. முறையில்லாதவங்க ஒரு பிடிகூடப் போடப்படாது. அப்பறம் அதுக்கொரு பஞ்சாயத்துக்கு எங்களக் கூப்புடுவீங்க."

அன்றிலிருந்து ராசு ஒரு நாள் அண்ணன் வீட்டு நாய், ஒரு நாள் தம்பி வீட்டு நாய். அவனுக்கும் அது பழகிவிட்டது. காலையில் மோட்டார் ஓடியதும் எந்தப் பக்கத்துத் தொட்டியில் தண்ணீர் விழுகிறது என்று காதைத் தூக்கிக் கேட்பான். சுவரின் அடியில் வாய்க்காலுக்காக விட்ட சந்து வழியாக நுழைந்து அந்தப் பக்கம் போய்விடுவான். ஊரில் இதைக் கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ராமாமணிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தன் முறை இல்லாத நாளில் அந்த வால் சந்துக்குள் மறைவதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலுக்கு இருபத்து மூன்று வயது. ராமாமணி பத்தொன்பது வயதில் பல்லடம் பக்கத்திலிருந்து இந்த வீட்டுக்கு வந்தவள். எட்டு வருடம் தனி ராஜ்யம். ஆக்கினாள், மாடு கறந்தாள், மஞ்சள் வேக வைத்தாள், மனோஜ்குமாரைப் பெற்றாள். யாரும் ஒரு குறை சொன்னதில்லை. நல்லது சொல்லத் தேவையில்லை என்றும் நினைத்திருந்தார்கள். பிறகு அவிநாசியிலிருந்து புவனா வந்தாள். வந்த மூன்றாம் நாள் அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினாள். எட்டு வருடம் ராமாமணி போட்டதை வாய் திறக்காமல் உண்டு கைகழுவிப் போன மாமனார் அன்று வட்டலை நீட்டி, "இன்னுங்கொஞ்சம் போடு சாமி" என்றார். அந்த 'இன்னுங்கொஞ்சம்' ராமாமணியின் காதில் இன்றுவரை இருக்கிறது. மாமனார் செத்துப் பத்து வருடமாகிவிட்டது.

அதன் பிறகு ஒன்றா இரண்டா. ஒறம்பரை என்று சொந்தக்காரர்கள் வந்தால் ராமாமணியிடம் நலம் விசாரிப்பார்கள், காபி புவனாவிடம் கேட்பார்கள். மனோஜ்குமார் பள்ளிக்கூடம் விட்டு வந்து, "சித்திகிட்ட உண்டுட்டேன்மா" என்பான். ஒரே கட்டுத்தறி, ஒரே தீவனம். இருந்தாலும் பால் சொசைட்டியில் கொழுப்புப் பார்க்கிற மெஷின்கூடப் புவனா கறந்த பாலுக்குத்தான் கூடுதலாகக் காட்டியது. மெஷினுக்கு என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். ராமாமணி அந்த மெஷினோடு ஒரு வாரம் பேசவில்லை, அதாவது பால் ஊற்ற அங்கப்பனை அனுப்பினாள்.

ஒரே ஒரு சீவன்தான் அவள் கையை முதலில் கண்டது. ஆறு வருடங்களுக்கு முன்னால், மழை நாளில், தனபால் ஒரு கோழிப்பண்ணை ஓரத்திலிருந்து கண் திறக்காத குட்டி ஒன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தான். புவனா அப்போது பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். பஞ்சைப் பாலில் நனைத்து, அந்த இத்தனூண்டு வாயில் பிழிந்து, பதினொரு நாள் காப்பாற்றியது ராமாமணி. புவனா திரும்பி வந்தபோது ராசு நடந்துகொண்டிருந்தான். உலகம் முழுவதும் புவனா பக்கம் போனாலும் போகட்டும், ராசு தன்னுடையவன் என்று அவள் நினைத்திருந்தாள். அந்த ராசு இப்போது அவள் களியைப் பார்த்து மூக்கைத் திருப்புகிறான் என்றால் எப்படி இருக்கும்?

வட்டலை எடுத்துக்கொண்டு போய் மாட்டுக் கழனித் தொட்டியில் கொட்டினாள். கழுவிக் கவிழ்த்தாள். அந்த நேரத்தில் சுவருக்கு மேலே புவனாவின் தலை தெரிந்தது.

"ராசு உண்டானுங்களா அக்கா?"

தினமும் கேட்கிற கேள்விதான். யார் முறையோ அவர்களை மற்றவர் கேட்பது வழக்கம். கேட்பது அக்கறைக்காக என்று இரண்டு பேரும் சொல்லிக்கொள்வார்கள்.

"வழிச்சு நக்கிப்போட்டான்," என்றாள் ராமாமணி. "இன்னும் வேணும்னு நிக்கறான்."

"அப்படீங்களா," என்றாள் புவனா. முகம் கொஞ்சம் சுருங்கினாற்போல் இருந்தது. ராமாமணிக்கு உச்சி குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியில் நாய் எழுந்து வந்து தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு மறுபடியும் படுத்ததை அவள் பார்க்கவில்லை.

புதன்கிழமை புவனா முறை. இப்போது ராமாமணி கேட்கவேண்டிய நேரம். "உண்டானா அம்மணி?" என்றாள்.

"ரெண்டு வட்டலுங்க அக்கா. போதுமின்னு சொன்னாக்கூடக் கேக்கலை."

இரண்டு வட்டல். ராமாமணி உள்ளே போய் அடுப்பைத் துடைத்தாள். துடைத்த அடுப்பை மறுபடியும் துடைத்தாள். இரண்டு வட்டல் தின்பவன் தன்னிடம் ஒரு வாய் தின்னவில்லை என்றால், ஒன்று அவள் சோற்றில் என்னவோ போடுகிறாள், இல்லை ராமாமணி முறையிலும் சந்து வழியாகத் திருட்டுத்தனமாக வைக்கிறாள். மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கலாம் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. நாய்க்கு உடம்பு என்று ஒன்று இருக்கிறது, அதற்குச் சீக்கு வரும் என்பது ஆறு மாட்டைக் கட்டி ஆளுகிற பெண்ணுக்குத் தெரியாததா? மாடு ஒரு வேளை தீவனம் எடுக்கவில்லை என்றால் காதைத் தொட்டுக் காய்ச்சல் பார்க்கிறவள்தான் அவள். ராசுவின் காதைத் தொடவில்லை.

வியாழக்கிழமை தன் முறையில் களியை விட்டுச் சோறு வைத்தாள். மேலே அவித்த முட்டை இரண்டு. ராசு முட்டையை மட்டும் நக்கினான், வாயில் எடுத்தான், கீழே வைத்தான். அவளைப் பார்த்து வாலை இரண்டு தட்டுத் தட்டினான். மன்னிப்புக் கேட்கிறானாம். அப்போதுதான் அவன் காதின் உள்மடிப்பில் உண்ணி இருப்பதைப் பார்த்தாள். ஆமணக்கு விதை போலப் பருத்து நான்கைந்து. கை எடுக்கப் போனது. 'நேத்து முறைக்காரி ரெண்டு வட்டல் போட்டாளே, இதைப் பாக்கலையா' என்று நினைத்ததும் கை நின்றுவிட்டது. நாளைக்கு அவளே பார்த்து வெட்கப்படட்டும் என்று விட்டுவிட்டாள்.

சோறு கழனித் தொட்டிக்குப் போனது. "உண்டானுங்களா அக்கா?" என்று சுவர் கேட்டது. "முட்டையும் சோறும், வட்டல் பளபளன்னு இருக்குது" என்று இந்தப் பக்கம் பதில் போனது.

வெள்ளிக்கிழமை புவனா முறையில் ராமாமணி மொட்டைமாடிக்கு ஏறினாள். கையில் ஒரு முறம் நிறையத் தேங்காய்ப் பருப்பு. காயப்போடத்தானே ஏறினேன் என்று சொல்ல வேண்டுமே. காய்ந்த பருப்பையே திருப்பித் திருப்பிக் காயப்போட்டாள். கீழே புவனா எவர்சில்வர் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். முதுகு இந்தப் பக்கம். ராசு அவள் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தான். பாதத்தின் மேல்! புவனா குனிந்து, பிசைந்து, என்னவோ கொஞ்சிப் பேசி, அவன் வாயருகே கையைக் கொண்டுபோனாள். ஊட்டுகிறாள். நாய்க்கு ஊட்டுகிறாள், பெற்ற பிள்ளைக்கு ஊட்டுகிறது போல. ராமாமணிக்கு வெயில் தெரியவில்லை. அரை மணி நேரம் கழித்துப் புவனா எழுந்து மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டு வெறும் கிண்ணத்தோடு வந்தாள்.

"ஊட்டி வளத்தா எவன்தான் வட்டல்ல உண்பான்," என்று ராமாமணி மாடிப்படியில் இறங்கிக்கொண்டே பொருமினாள்.

சனிக்கிழமை கருமத்தம்பட்டிக்கு ஆள் விட்டு நாட்டுக்கோழி வாங்கி வரச் சொன்னாள். மிளகாய் இல்லாமல், மஞ்சளும் உப்பும் மட்டும் போட்டு வேகவைத்து, எலும்பெடுத்துச் சதையை நார் நாராகப் பிய்த்தாள். வாசனைக்கு அங்கப்பன் வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏம்புள்ள, முப்பது வருசத்துல எனக்கு ஒருக்கா எலும்பெடுத்துப் போட்டிருக்கறயா?"

"நீங்க பக்கத்து ஊட்டுல போய்த் திங்கறதில்லைங்க," என்றாள். அங்கப்பனுக்குப் புரியவில்லை. புரியாத இடத்தில் நிற்காத மனிதர் அவர்.

ராசு ஒரு துண்டை வாயில் வைத்தான். மென்றான். மென்றதைப் பக்குவமாகத் தரையில் வைத்துவிட்டு, நடந்துபோய்ப் படுத்தான். நடையில் ஒரு தள்ளாட்டம் இருந்தது. விலா எலும்பு எண்ணுகிற மாதிரி தெரிந்தது. ராமாமணி அதைப் பார்க்கத்தான் செய்தாள். அவ்வளவு தின்றும் இளைத்துப்போகிறானே, அவள் என்னதான் போடுகிறாள் என்று நினைத்தாள். மிச்சக் கோழி அங்கப்பனுக்குப் போனது. நாய்க்கு வைத்தது என்று தெரிந்தும் நன்றாக இருக்கிறது என்றார்.

அன்று சாயங்காலம் சென்னையிலிருந்து மனோஜ்குமார் வீடியோவில் வந்தான். "ராசுவக் காட்டும்மா" என்றான். காட்டினாள். பையன் முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தான்.

"ஏம்மா, ஒரு மாதிரி இருக்கறானே. உண்கறானா?"

"எங்கிட்ட உண்கலை கண்ணு. உன்ற சித்தி ரெண்டு வட்டல் போட்டு மூக்கு முட்ட அனுப்பறா."

"நாளைக்கு மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போம்மா. சித்தப்பாகிட்டச் சொல்லட்டுமா?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்," என்றாள். தனபாலிடம் சொன்னால் புவனாவுக்குப் போகும். புவனாவுக்குப் போனால், உங்களிடம்தானே உண்ணவில்லை, எங்களிடம் உண்கிறானே என்பாள். அந்த ஒரு பேச்சைக் கேட்பதைவிட ராமாமணி இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம் என்றிருந்தாள். நாயின் உயிர் அவள் ரோசத்துக்காகக் காத்திருக்குமா என்று கேட்க அங்கே யாரும் இல்லை. இருந்த ஒருவனையும் போனை வைக்கச் சொல்லிவிட்டாள்.

ஞாயிறு புவனா முறை. "கறிச்சோறுங்க அக்கா, ஒரு பருக்கை மிச்சமில்லை" என்றது சுவர்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு மோட்டார் ஓடியது. ராமாமணியின் தொட்டியில் தண்ணீர் விழுந்தது. சந்து வழியாக ராசு வரவில்லை. எட்டிப் பார்த்தால் அவன் ஏற்கனவே இந்தப் பக்கம்தான், துவைக்கிற கல் ஓரம் கிடந்தான். எப்போது வந்தானோ. அவள் கூப்பிட்டதற்குக் கண்ணை மட்டும் திருப்பினான். மூக்கிலிருந்து ரத்தம் வடிந்து சிமென்ட் தரையில் ஒரு கோடாகக் காய்ந்திருந்தது.

அந்த நேரத்திலும் அவள் வாயில் முதலில் வந்தது என்ன தெரியுமா?

"ஏ புவனா, என்னத்தத் திங்கக் கொடுத்தே இவனுக்கு?"

புவனா சுவரருகே வந்தாள், பார்த்தாள். சுவர் கட்டிய மூன்று வருடத்தில் சுற்றிக்கொண்டுதான் வருவாள். இன்று சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஏறிக் குதித்தாள். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. "நானுங்களா? உங்க ஊட்டுலதானுங்களே அக்கா அவன்..." என்று தொடங்கியவள், நாயின் வாயைத் திறந்து ஈறைப் பார்த்ததும் பேச்சை விட்டாள். ஈறு சுண்ணாம்பு பூசினது போல வெளுத்திருந்தது. "ஏனுங்க, வெசையா வண்டிய எடுங்க" என்று புருஷனைக் கூப்பிட்டாள்.

தனபாலின் குட்டியானை வண்டியில் தேங்காய்ச் சாக்கை விரித்து ராசுவைப் படுக்க வைத்தார்கள். தலை ராமாமணி மடியில், கால்கள் புவனா மடியில். நாய் அனலாகக் கொதித்தது. ஒரு வாரமாகத் தொடாத காதை ராமாமணி இப்போதுதான் தொட்டாள். வழியில் ராசு நாக்கை நீட்டி, புவனாவின் சிராய்த்த முழங்கையை ஒரு நக்கு நக்கினான். பார்த்துக்கொண்டிருந்த ராமாமணிக்குள் எதுவோ சுருக்கென்று குத்தியது. சாகக் கிடக்கிறவன் யாரை நக்கினால் என்ன. ஆனாலும் குத்தியது.

மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் ஹரிதா சின்னப் பெண். மேசையில் போட்டு, வாயைத் திறந்து, வயிற்றைப் புரட்டிப் பார்த்தாள். அடிவயிற்றில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். கால் விரல் இடுக்கைப் பிரித்தாள். உண்ணி அப்பிக் கிடந்தது. ரத்தம் எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"கடைசியா எப்பச் சாப்பிட்டான்?"

ராமாமணி புவனாவைப் பார்த்தாள். "நேத்து இவங்க ஊட்டுலீங்க. கறிச்சோறு."

புவனா தரையைப் பார்த்தாள். "நேத்து உண்கலீங்க," என்றாள். "முந்தாநேத்து அக்கா ஊட்டுல..."

"முந்தாநேத்தும் இல்லைங்க," என்றாள் ராமாமணி.

"வெள்ளிக்கிழமை?"

புவனா இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"வியாழன்? புதன்? செவ்வாய்?" டாக்டர் பேனாவை வைத்துவிட்டாள். "ரெண்டு பேர் வீட்டுலயும் சாப்பாடு வெச்சிருக்கீங்க. ஏழு நாளா ஒருத்தர் வீட்டுலயும் சாப்பிடலை. யாருக்குமே தெரியலையா?"

"தெரியுமுங்க," என்றாள் புவனா. "எங்க ஊட்டுல உண்கலீன்னு எனக்குத் தெரியுமுங்க. அக்கா ஊட்டுல வழிச்சு நக்கறான்னு சொன்னாங்களா... எங்கிட்ட மட்டும் உண்க மாட்டீங்கறான்னு எப்படிங்க சொல்றது. தொட்டியில கொட்டிப்போட்டு ரெண்டு வட்டலுன்னு சொல்லிப்போட்டேனுங்க." பிறகு ராமாமணி பக்கம் திரும்பினாள். "உங்க கையில பால் குடிச்சு வளந்தவனுங்க அக்கா. என்ன இருந்தாலும் உங்க பக்கந்தான் அவனுக்குப் பெருசுன்னு எனக்கு எப்பவும் ஒரு இது. நான் ஊட்டி ஊட்டிப் பாத்தேனுங்க."

ராமாமணி நின்றுகொண்டிருந்தாள். இருபத்து மூன்று வருடமாகத் தான் மட்டும்தான் வெந்துகொண்டிருக்கிறோம் என்று நினைத்தவள். புவனாவும் தன்னைப் பார்த்து வெந்திருக்கிறாள் என்று கேட்டதும் உள்ளே ஒரு கணம் இனித்தது, மறைப்பானேன். அந்த இனிப்பு அடங்குவதற்குள் மேசையில் கிடந்த ராசுவின் விலா ஏறி இறங்குவதைப் பார்த்தாள். இதற்காகத் தன் கையாலேயே தன் கன்னத்தில் அறைய வேண்டும் போலிருந்தது. புவனா முந்தானையை வாயில் வைத்து அழுதாள். அழுவதிலும் இவள் முந்திக்கொண்டாளே என்று ஒரு நினைப்பு வந்தது. அப்போதும் வந்தது.

"உண்ணிக் காய்ச்சல்," என்றாள் டாக்டர், ரத்தத்தைப் பார்த்துவிட்டு வந்து. "நாய் ஒரு நாள் சாப்பிடலைன்னா வயிறு மந்தமா இருக்கலாம். ரெண்டாம் நாளும் சாப்பிடலை, காய்ச்சல் இருக்கு, ஈறு வெளுத்திருக்குன்னா உடனே கூட்டிட்டு வரணும். முதல்லயே வந்திருந்தா மாத்திரையிலயே சரியாகியிருக்கும். இப்ப ரத்தம் ரொம்ப இறங்கிடுச்சு. உண்ணியாவது எடுத்திருக்கலாமில்ல, ரெண்டு வீட்டுல ஒருத்தர்?"

சோறு போட முறை வைத்த பெரியவர்கள் உண்ணி எடுக்க முறை வைக்கவில்லை. ராமாமணி அதை டாக்டரிடம் சொல்லவில்லை. சொல்லுகிற மாதிரியா இருக்கிறது அது.

நாலு நாள் குளுக்கோஸும் ஊசியும் ஏறின. தினமும் குட்டியானையில் போவதும் வருவதும்தான். நடுவில் ராசுவைப் படுக்க வைத்து, சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் இரண்டு பக்கம் உட்கார்ந்து உண்ணி எடுத்தார்கள். பேச்சு அதிகம் இல்லை. "இந்தக் காதுல முடிஞ்சுதுங்க." "காலைத் திருப்பு." யார் அதிகம் எடுத்தது என்று ராமாமணி கிண்ணத்தைப் பார்த்தாள் என்பதும் உண்மை.

வியாழக்கிழமை டாக்டர் சொன்னாள்: "ஊசி முடிஞ்சது. நாளையிலிருந்து மாத்திரை. வெறும் வயித்துல குடுத்தா வாந்தி எடுத்துடுவான். நாலு வாயாவது சாப்பிட வெச்சுட்டுக் குடுங்க. மாத்திரை வயித்துல தங்கினாப் பிழைச்சுக்குவான். தங்கலைன்னா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

மறுநாள் வெள்ளிக்கிழமை தண்ணீர் ராமாமணி முறை.

"இன்னைக்கு உங்க முறைங்க அக்கா. நீங்க பாருங்க," என்று புவனா தன் பக்கமே நின்றுகொண்டாள். ராமாமணி அரிசிம்பருப்பு ஆக்கினாள். காரம் இல்லை, தாளிப்பு இல்லை. குழைய வேகவைத்து, ஒரு சொட்டு நெய் விட்டு, சூடு ஆறும்வரை விசிறினாள். வட்டலை வைத்தாள். ராசு தலையைத் தூக்கிப் பார்த்தான், திருப்பிக்கொண்டான். சரி என்று அவளும் உட்கார்ந்து கையில் எடுத்து நீட்டினாள். வாயைத் திறக்கவில்லை. உதட்டைப் பிரித்து உள்ளே வைத்தாள். நாக்கால் வெளியே தள்ளினான்.

"ஒரு வாய் கண்ணு. ஒரே வாய். என்ற சாமியல்லொ."

மரியாதைக்கு அவள் விரலை ஒரு தரம் நக்கிவிட்டுத் தலையைக் கீழே போட்டான். ஒரு மணி நேரம் கெஞ்சினாள், அதட்டினாள், மறுபடியும் கெஞ்சினாள். சோறு ஆறி இறுகிக்கொண்டிருந்தது. மாத்திரை அவள் இடது கைக்குள் வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தது.

"உண்டானுங்களா அக்கா?" என்று சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. பயந்துபோன குரல்.

வாய் பழக்கத்தில் திறந்துவிட்டது. ஆமாம் என்ற சொல் நுனி நாக்கில் நின்றது. கழனித் தொட்டி பத்தடி தூரத்தில் இருந்தது. ராமாமணி ராசுவின் வயிற்றைப் பார்த்தாள். உள்ளே ஒட்டிப்போன வயிறு.

"இல்லை அம்மணி," என்றாள். "என்ற கையில வாங்க மாட்டீங்கறான். நீ வந்து ஊட்டிப் பாரு."

"உங்க முறைங்களே அக்கா."

"முறை கெடக்குது. வா."

புவனா வந்தாள். கையைக் கழுவினாள். ராமாமணி எழுந்து இடம் விட்டாள். புவனா அந்த அலுமினிய வட்டலிலிருந்தே ஒரு சின்ன உருண்டை எடுத்து, விரல் நுனியில் வைத்து, ஒன்றும் பேசாமல் நீட்டினாள். ராசு மோந்தான். புவனாவை நிமிர்ந்து பார்த்தான். வாயைத் திறந்தான். மென்றான். தொண்டை ஏறி இறங்கியது. விழுங்கிவிட்டான்.

ஏன் என்று கேட்டால் நாய்க்குத்தான் தெரியும். அவள் ஆக்கிய சோறு, அவள் வட்டல், அவள் வாசல். ராமாமணிக்குக் காதுவரை எரிந்தது. இரண்டாம் வாய் போனது. அதிகமாக எரிந்தது. பொறாமை தீர்ந்தது, மனம் தெளிந்தது என்றெல்லாம் சொல்ல எனக்கும் ஆசைதான், நடக்கவில்லை. மூன்றாம் வாய்க்கு அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கடித்த பல்லுக்கு இடையிலேயே 'இன்னொண்ணு, இன்னொண்ணு' என்று முணுமுணுத்துக்கொண்டும் இருந்தாள்.

நான்காம் வாய் இறங்கியதும் மாத்திரையைக் கொடுத்தாள். புவனா அதைச் சோற்றுக்குள் பொதிந்து உள்ளே அனுப்பினாள். பிறகு வட்டலை ராமாமணி பக்கம் தள்ளி வைத்து, அண்ணாந்து பார்த்தாள். ராமாமணிக்கு எரிவது அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"நல்லா உண்கறானுங்க. மிச்சத்த நீங்க ஊட்டுங்க அக்கா."

ராமாமணியின் கை தானாக நீண்டது. சோற்றைத் தொட்டும்விட்டது. ராசு வாயை லேசாகத் திறந்தபடி புவனாவின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கையை இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம் அம்மணி," என்றாள். "கை மாறினா நிறுத்திப்போடுவான். நீயே குடு."